பீர்க்கன்கரணையிலிருந்து கடலடிக்கு

எங்கள் ஊராகிய பீர்க்கன்கரணைக்கும் ஸமுத்திரத்துக்கும் நேரான சம்பந்தம் ஒன்றும் கிடையாது. தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஓர் ஏரி உண்டு, அவ்வளவுதான். சிறு வயதில் அதில் நீந்திப் பழகியவன் என்ற தைரியத்தில், சென்ற தை மாதம் என் தங்கை மகன், "மாமா, புதுச்சேரிக்குப் போய்க் கடலில் முங்கிப் பார்ப்போம், வருகிறீர்களா?" என்று கேட்டபோது சம்மதித்துவிட்டேன். எனக்கு நாற்பத்தாறு வயது என்பதை என் மனைவி நினைவூட்டினாள். அதற்குள் பையன் பணத்தைக் கட்டியாயிற்று.

முதுகில் கட்டிய உருளையில் இருப்பது பிராணவாயு என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் வகுப்பில் ஒரு முறை சொல்லியிருக்கிறேன்! உண்மையில் அது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று, அழுத்தி அடைத்தது. 1943-ல் கூஸ்தோ, காக்னான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், வேண்டிய அழுத்தத்தில் அக்காற்றை வாய்க்கு அளிக்கும் கருவியை உருவாக்கினார்கள். இன்று உல்லாசமாக முங்குவோர் அணிவது அதன் வழி வந்ததே.

படகிலிருந்து இறங்கிய மாத்திரத்தில் நான் உணர்ந்தது அழகை அல்ல, குளிரை. நம் கடல் வெதுவெதுப்பானது என்று பெயர். ஆனால் நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக உடற்சூட்டைக் கடத்திவிடும். அரைமணி நேரத்தில் பல் கிட்டிப்போயிற்று. எனக்கே இப்படியென்றால், கொரியாவின் ஜேஜு தீவில் மாரிக்காலத்திலும் காற்றுருளையின்றி முங்கிச் சிப்பி எடுக்கும் ஹேனியோ மாதரை என்னென்பது! 1970-களில் ரப்பர் உடை வருமுன் அவர்கள் பருத்தித் துணியோடுதான் அந்தக் குளிர்நீரில் இறங்கினார்கள்.

மீன் கூட்டங்களை வர்ணிக்க நான் முற்படவில்லை. என் மனத்தில் நின்றது, கற்பித்த இளைஞர் மூன்று தரம் சொன்ன ஒரே பாடம்: "மெதுவாக ஏறுங்கள், ஐயா." பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்தாற்போல் அது குமிழிட்டு மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். ஆகவே நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறலாகாது என்பதும், 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டுமென்பதும் அவர்கள் விதி.

பங்குனியில் ஒரு கல்யாணத்துக்காகத் தாம்பரத்தில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறித் தூத்துக்குடி சென்றேன். முகூர்த்தம் முடிந்ததும் கடற்கரைப் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு பெரியவர் வலையருகே அமர்ந்திருந்தார். சங்கு குளித்தவராம். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"அய்யா காலத்துல கல்லைக் கட்டி இறங்குவாக, வாத்தியாரய்யா. மேலே மண்டாக்கு கயித்தைப் பிடிச்சிருப்பான். ஒரு மூச்சு, அம்புட்டுதான்," என்றார். கொற்கை நாளிலிருந்து வந்த வழக்கம் அது. 1961-க்குப் பின் இக்கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு மட்டும் நின்றது. வங்காளத்துச் சுமங்கலிகளின் வளையலுக்கு அது வேண்டுமல்லவா? பிற்காலத்தில் படகில் கம்ப்ரஸர் வைத்து, குழாய் வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டு மணிக்கணக்காக அடியில் இருக்கலாயினர். ஒரே மூச்சில் போய் வந்த தகப்பனுக்குப் பெரும்பாலும் நேராத ஆபத்து, குழாய் பிடித்த மகனுக்கு நேர்ந்தது.

"காலுக்கு என்ன?" என்றேன்.

"கடல்ல காத்து அடிச்சிட்டு."

எண்ணாயிரம் ரூபாய் கொடுத்து விளையாட்டுக்கு முங்கிய எனக்கு மூன்று தரம் சொன்ன விஷயத்தை, முப்பது வருஷம் முங்கிப் பிழைத்த அவருக்கு ஒருவரும் ஒரு தரங்கூடச் சொல்லவில்லை! எனக்கு வெட்கமாயிருந்தது. சோடா உதாரணத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏலே, இங்க வா. வாத்தியாரய்யா சொல்றதைக் கேளு," என்று கூப்பிட்டார்.

வந்தவன் பேரன், இருபது வயதிருக்கும். மறுநாள் விடியலில் எட்டுப் பாகம் இறங்கப் போகிறவன். அவனுக்கும் சொன்னேன். இது மட்டும் முழுக் காப்பு ஆகாது, அடியில் இருக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும், மூட்டு வலித்தால் காற்றழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்றும் சொன்னேன்.

"அஞ்சு மீட்டர்னா எத்தனை பாகம், ஸார்?"

"மூன்று பாகத்துக்குச் சற்றுக் குறைவு."

அவன் எழுந்து, படகின் நங்கூரக் கயிற்றை எடுத்துக் கைகளை விரித்து அளந்தான். பெரியவர் தம் தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார். அவன் அதை அந்த இடத்தில் இறுக்கி முடிந்தான்.