கரண்டுக்கும் கடைமடை உண்டு

காவிரித் தண்ணிக்குக் கடைமடைன்னு ஒண்ணு இருக்குங்கிறதை டெல்டாக்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சுன்னா கல்லணைக்குக் கிட்ட இருக்குற ஊர்ல சீக்கிரமே வாய்க்கால்ல தண்ணி ஓடும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் அப்பவும் வாய்க்காலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கரண்டும் இதே கதைதான். என்ன, கரண்டுல தலைமடைக்காரனுக்கும் ஒரு கஷ்டம் உண்டு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

(டெக்னிக்கல் சமாச்சாரம் பிடிக்காதவங்க நடுவுல நாலு பத்தியைத் தாண்டிக் குதிச்சிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன் :-))

எங்க பெரியப்பா திருவையாறு பக்கம் ரொம்ப வருஷம் ரேடியோ செட் வச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழான்னா தென்னை மரத்துல குழாய் கட்டி ரெக்கார்டு போடுற தொழில். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வந்ததும் மத்த சாமானெல்லாம் காயலான் கடைக்குப் போச்சு. ஒரே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் மட்டும் வீட்லயே தங்கிடுச்சு. இ.எல்.34 ரெண்டு, இ.சி.சி.83 ரெண்டு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதுல ராஜரத்தினம் பிள்ளையோட தோடி கேக்காம அவருக்குத் தூக்கம் வராது.

முன்னாடியெல்லாம் வால்வு வருஷக்கணக்கா உழைச்சுது. வீட்டு வாசல்ல புதுசா டிரான்ஸ்ஃபார்மர் வச்ச பிறகு, வருஷத்துக்கு ஒரு ஜோடி இ.எல்.34 காலி. 1960கள்ல பெங்களூர் பி.இ.எல்.லயே ரேடியோ வால்வு செஞ்சாங்க. இப்போ ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனான்னு எங்கிருந்தாவது வரணும். பென்ஷன் இல்லாத மனுஷனுக்கு அது கட்டுப்படியாகுமா? "அடுத்த ஜோடி போனா இதையும் எடைக்குப் போட்டுடலாம்டா தம்பி"ன்னார். சொன்ன விதம் எனக்குச் சரியாப் படல. மல்டிமீட்டரை எடுத்துக்கிட்டு ஊருக்குக் கிளம்பிட்டேன்.

வால்வுக்குள்ள ஒரு ஹீட்டர் கம்பி இருக்கு. அதுக்கு 6.3 வோல்ட் குடுக்கணும். அந்தக் காலத்துக் கார் பேட்டரியில மூணு செல், செல்லுக்கு 2.1 வோல்ட், அதுலேர்ந்து வந்த கணக்கு. அந்தச் சூட்டுல கேத்தோடு மேல பூசின பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு எலெக்ட்ரானைக் கக்கும். சோறு வடிக்கிற மாதிரிதான் இதுவும், பதம் முக்கியம். சூடு கம்மின்னா எலெக்ட்ரான் போதாது, சத்தம் சோம்பும், கேத்தோடும் நாளடைவுல கெடும். சூடு ஜாஸ்தின்னா பூச்சு ஆவியாகிப் போய் பக்கத்துல இருக்குற கிரிட் மேல படியும். அப்புறம் கிரிட்டும் எலெக்ட்ரானைக் கக்க ஆரம்பிச்சு வால்வு கட்டுப்பாட்டை இழக்கும். 10 சதவீதம் முன்னே பின்னே தாங்கும். அதுக்கு மேல போனா ஆயுசு குறையும்.

அளக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. வால்வைக் கழட்டிட்டு அளந்தா லோடு இல்லாம வோல்ட் ஏத்தமாத்தான் காட்டும். வால்வு போட்டு, பத்து நிமிஷம் சூடாக விட்டு, சாக்கெட் கால்லயே ஏ.சி.யில அளக்கணும். இ.எல்.34-க்கு 2, 7. உள்ள 400 வோல்ட்டுக்கு மேல ஓடுது, ஆளைக் கொன்னுடும். ஒரு கையைப் பாக்கெட்ல விட்டுக்குங்க. ஆஃப் பண்ணின பிறகும் கண்டென்சர்ல சார்ஜ் நிக்கும், அதை இறக்காம கை வைக்காதீங்க.

ஒரு நாள் முழுக்க அளந்தேன்:

காலை 6 மணி – 248 வோல்ட்
பகல் 11 மணி (வயல்ல மோட்டார் ஓடுது) – 222
மாலை 7 மணி – 231
ராத்திரி 11 மணி – 250

பெரியப்பாவோட செட்டுல மெயின் டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் சுத்தினது. 220-க்கு 6.3 வந்தா 250-க்கு 7.16. கிட்டத்தட்ட 14 சதவீதம் ஜாஸ்தி. அவர் பாட்டு கேக்குறதே ராத்திரியிலதான். பகல்ல மட்டும் அளந்திருந்தா 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு வந்திருப்பேன்.

250 எப்படி வருது? யார் தப்பும் இல்ல. நம்ம ஊர் டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆக்குது. அதை மூணின் வர்க்கமூலத்தால வகுத்தா சரியா 250. வீட்டுக்குத் தர வேண்டியது 230தான். கம்பியில போற வழியில குறையும்னு தெரிஞ்சே ஏத்தி வைக்கிறாங்க. ராத்திரி மோட்டாரெல்லாம் நின்னதும் இழுக்க ஆள் இல்ல. டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்த வீட்ல அப்படியே 250 வந்து இறங்கும். அதே லைன்ல கடைசியில இருக்குற போர்செட்டுக்குப் பகல்ல 180 வந்தாலே பெரிய விஷயம்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்: "லைன்மேன்கிட்ட சொல்லி வோல்டேஜைக் கொறைக்கச் சொல்லுங்க பெரியப்பா." பெரியப்பா ஒத்துக்கல. "இங்க கொறைச்சா கடைசிக் கொல்லையில மோட்டார் எப்படிடா ஓடும்? நாத்து காஞ்சா என் பாட்டு கேக்குமா?"

ஆக, செட்டுலதான் கை வைக்கணும். எல்லாரும் முதல்ல சொல்றது ரெசிஸ்டர். ஹீட்டர்களுக்கு மொத்தம் 3.6 ஆம்பியர். 0.86 வோல்ட்டைக் குறைக்க 0.24 ஓம் வேணும். 0.12 ஓம், 5 வாட் வயர்வுண்ட் ரெண்டு வாங்கி, ரெண்டு கம்பியிலயும் ஒண்ணொண்ணு போட்டா ராத்திரி கணக்கு டான்னு உக்காரும். ஆனா பகல் 222 வோல்ட்ல ஹீட்டருக்கு 5.5 தான் மிஞ்சும். அதோட, வோல்டேஜ் ஏறினா ஹீட்டர் மட்டுமா ஏறும்? 430 இருக்க வேண்டிய ஹை டென்ஷன் 488-க்குப் போகுது, அங்க இருக்குற கண்டென்சரோ 450 வோல்ட் சரக்கு. ரெசிஸ்டர் அதைத் தொடவே தொடாது.

அதனால குறைக்கிறதை வாசல்லயே குறைச்சுட்டேன். சாதா 24 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு. அதோட பிரைமரி மெயின்ஸ்ல, செகண்டரி செட்டுக்குப் போற லைன்ல சீரீஸா, தலைகீழா. 250 வந்தா அது 26 வோல்ட்டைக் கழிச்சு 224 தரும். ஹீட்டர் 6.4, ஹை டென்ஷன் 438. ரெண்டும் ஒரே அடியில சரி. கம்பியை மாத்திக் குடுத்துட்டா கழிக்கிறதுக்குப் பதிலா கூட்டி 276 ஆயிடும். அதனால செட்டை மாட்டுறதுக்கு முன்னாடி மீட்டர்ல பார்த்தே ஆகணும். ஃபியூஸ் கட்டாயம்.

பகல்ல குறைக்கத் தேவையில்லையே, அதுக்கு ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்சு, பக்கத்துல ஒரு வோல்ட் மீட்டர். 240-க்கு மேல காட்டினா 'ராத்திரி', கீழ வந்தா 'பகல்'. செட்டை ஆஃப் பண்ணிட்டுத்தான் மாத்தணும். ஸ்டெபிலைசர் வாங்கியிருக்கலாமேன்னு கேப்பீங்க. வாங்கலாம். ஆனா பெரியப்பாவுக்கு மீட்டரைப் பார்த்துத் திருப்புறதுதான் பிடிச்சிருக்கு. "மதகுப் பலகை ஏத்தி இறக்குற மாதிரி இருக்குடா"ங்கிறார்.

அடுத்த ஜோடி வால்வு எத்தனை வருஷம் வரும்னு இப்பவே சொல்ல முடியாது. ஆனா எடைக்குப் போடுற பேச்சு நின்னுடுச்சு.

உங்க வீட்டுப் பரண்ல பழைய மர்ஃபியோ புஷ்ஷோ கிடந்தா, எடுத்ததும் பிளக்கைச் சொருகாதீங்க. முதல்ல பின்னாடி 220, 230, 240ன்னு டேப் இருக்கான்னு பாருங்க. 240-ல மாட்டினாலே பாதி வியாதி தீரும், செலவு பூஜ்யம். அப்புறம் உங்க வீடு கரண்டுக்குத் தலைமடையா கடைமடையான்னு ஒரு ராத்திரி முழிச்சு அளந்து பாருங்க. என்ன எண் வந்துச்சுன்னு பின்னூட்டத்துல போடுங்க மக்களே, பெரியப்பாகிட்ட படிச்சுக் காட்டுறேன்.