இரு கரையில் நிற்கும் கற்கால்கள்



துருக்கி செல்வோர் பெரும்பாலும் இஸ்தான்புல்லின் மினாராக்களைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். உங்களுக்கு வாய்ப்புக் கிட்டினால் கிழக்கே கார்ஸ் நகர் வரை சென்று வாருங்கள். அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் ஆனி என்னும் பாழ்நகரம் இருக்கின்றது. அதன் அடிவாரத்து ஆற்றில் நான் கண்ட பாலம் இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

கி.பி. 961இல் ஆர்மீனிய மன்னர்களின் தலைநகராக உயர்ந்த ஊர் அது. 'ஆயிரத்தொரு தேவாலயங்களின் நகரம்' என்று புகழப்பட்டது. 1064இல் செல்ஜூக் சுல்தான் அல்ப் அர்ஸலான் அதனைக் குருதி சிந்திக் கைப்பற்றினார். பின்னர் ஆண்ட ஷத்தாதி மரபினர் காலத்தில் மனூச்சிஹ்ர் பள்ளிவாசல் எழுந்தது. அதன் எண்கோண மினாரா இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது.

அப்பள்ளியின் சாளரத்தருகே நின்று கீழே நோக்கினேன். ஒரு காலத்தில் வணிகக் கூட்டங்கள் கடந்துசென்ற பாலம் அங்கே தெரிந்தது. சுமார் 30 மீட்டர் நீண்டிருந்த அதன் ஒற்றை வளைவு என்றோ வீழ்ந்துவிட்டது. இரு கரைகளிலும் கற்கால்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. இக்கரை துருக்கி, அக்கரை ஆர்மீனியா. ஓடும் நீர் ஒன்றே, பெயர்தான் இரண்டு. இக்கரையில் அர்ப்பாச்சாய், அக்கரையில் அகுரியன்!

வளைவு வீழ்ந்திராவிட்டாலும் நடப்பதற்கு வழி ஏது? 1915இல் ஆர்மீனியருக்கு நேர்ந்த பேரழிவின் வடு ஆறவில்லை. கராபாக் போரின்போது, 1993இல், துருக்கி தன் எல்லையை அடைத்தது.

இவ்வாறு தெற்கே சென்று அராஸ் நதியில் கலக்கின்றது. அந்நதியின் மீது மர்காராவில் மற்றோர் எல்லைப் பாலம் உண்டு. அது இடியவில்லை, ஆயினும் அடைபட்டுக் கிடந்தது. 2023 பிப்ரவரி 6ஆம் நாள் துருக்கியில் நிலம் நடுங்கி, 50,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐந்து நாட்கள் கழித்து ஆர்மீனியாவின் நிவாரண லாரிகள் அப்பாலத்தைக் கடந்து வந்தன. முப்பது ஆண்டுகளாகத் திறவாத கதவைத் துயரம் திறந்தது!

வாசகர்களே, நம் குடும்பங்களிலும் இத்தகைய பாலங்கள் இல்லையா? அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை. நடுவே பாகப் பிரிவினையோ, திருமண வீட்டில் உதிர்ந்த ஒரு சொல்லோ! ஜனாஸாவில்தான் கூட வேண்டுமா? இன்றே ஸலாம் சொல்லி முதல் கல்லை வைப்பவர் யார்?