எடுப்பதும் எடுத்துவிடுவதும்

புனேக்குக் கடல் இல்லை. நடுவில் சஹ்யாத்ரி மலை நிற்கிறது. ஆயினும் மழை ஓய்ந்த வாரயிறுதிகளில் தாம்ஹிணி கணவாய் வழியே திவேஆகர், ஸ்ரீவர்தன் கடற்கரைகளுக்கு இறங்கும் மாணவர் கூட்டம் சிறிதன்று. திங்கட்கிழமைக்குள் படங்கள் வலையேறிவிடும். அவற்றில் பெரும்பங்கு 'கேண்டிட்' வகை. ஒருவர் தொடுவானத்தைப் பார்த்திருப்பார். ஒருவர் தன்னை மறந்து சிரித்திருப்பார். "பார்க்காதது போல நிற்கிறேன், எடு" என்று சொல்லி எடுக்கப்பட்டவை அவை. இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. திருமண ஒளிப்படத் தொழிலில் 'கேண்டிட்' என்பது தனிக் கட்டணம் உடைய பிரிவாகவே ஆகிவிட்டது. சொல் தன் பொருளைத் தலைகீழாக்கிக்கொண்டு நலமாக வாழ்கிறது.

அதே சட்டகத்தில் உண்மையாகவே தம் போக்கில் இருப்பவர்கள் வேறு சிலர். வலை உலர்த்துபவர், இளநீர் விற்பவர், தண்ணீரோரம் குழந்தையைத் துரத்தும் தாய். படம் எடுக்கப்படுவதை அவர்கள் அறியார். 'கேண்டிட்' என்னும் பெயருக்கு முழு உரிமை உடையவர்கள் அவர்களே. திருத்தும்போது முதலில் மறைபவர்களும் அவர்களே. கூகுள் 2021இல் பிக்சல் 6 கைபேசியுடன் 'மேஜிக் இரேசர்' கருவியைக் கொண்டுவந்தபின் இது விரல்நுனி வேலையாகிவிட்டது. கடற்கரை அதற்கு மிக வாய்ப்பான இடம். ஆளை நீக்கிய பள்ளத்தை அக்கம்பக்கத்து மணலையும் நீரையும் கொண்டே நிரப்பிவிடலாம். கடைத்தெருவில் அப்படியன்று: பின்னாலிருந்த பெயர்ப்பலகையின் எழுத்துகள் குழம்பிக் காட்டிக்கொடுக்கும்.

மொழி இதை முன்பே அறிந்தது போலிருக்கிறது. தமிழில் படம் 'எடுக்கிறோம்'. பிடிக்காத ஆளை அதிலிருந்து 'எடுத்துவிடு' என்கிறோம். மராத்தியிலும் 'ஃபோட்டோ காட்' என்றால் படம் எடு, 'காடூன் டாக்' என்றால் நீக்கிவிடு. இரு மொழிக் குடும்பங்கள், ஒரே ஏற்பாடு: முதல்வினை படமெடுக்கிறது, ஒரு துணைவினை சேர்ந்ததும் ஆளை அகற்றுகிறது.

கைபேசிக்கு நெடுங்காலம் முன்பே இது தொடங்கிவிட்டது. 1892இல் பால் மார்ட்டின், பொட்டலம் போலத் தோன்றும் 'ஃபாசில்' கேமராவுடன் இங்கிலாந்தின் யார்மவுத் கடற்கரையில், கவனியாதிருந்த மக்களைப் படமெடுத்தார். தெருமனிதர் படங்கள் சிலவற்றில் அவரும் அழித்தார். ஆனால் அழித்தது பின்னணியை. அறியாமல் நின்ற மனிதர் தனியே எஞ்சினார். இன்றைய கைபேசி அறிந்து நிற்பவரை வைத்துக்கொண்டு அறியாதவரை நீக்குகிறது. எது கூடுதல் அநீதி என்று எளிதில் சொல்ல இயலாது. மார்ட்டினின் மனிதர்களிடமும் யாரும் இசைவு கேட்கவில்லை.

செய்திப்பட உலகம் இங்கே கோடு கிழித்திருக்கிறது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் ஒளி, நிறம் ஆகியவற்றை ஓரளவு சீர்செய்யலாம், ஓரத்தை வெட்டலாம், ஆனால் சட்டகத்துக்குள் இருப்பதைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. 2015இல் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு தகுதியிழந்தன. சிறு பொருள்களை அகற்றியதும் காரணங்களுள் ஒன்று.

அப்போட்டியில் 2004ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வானது ஒரு தமிழகக் கடற்கரைப் படம். ஆழிப்பேரலை வந்து இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் ஒளிப்படக்காரர் ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்தது. உறவினரை இழந்த பெண் மணலில் குப்புற விழுந்து, இரு உள்ளங்கைகளும் மேல்நோக்கியிருக்க அழுகிறார். இறந்தவரின் உடல் சட்டகத்துக்குள் இல்லை. கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. அதைக் காணாதவரைக்கும் அவர் எதற்கு அழுகிறார் என்பதே விளங்காது.

நீக்கக் கூடாது என்னும் விதி அந்தக் கையைக் காக்கிறது. அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் அறுபட்டு நிற்கும் ஒரு கை, கைபேசியின் கணக்கில், கவனத்தைச் சிதறடிக்கும் பொருளாகவே படும்.