சுவரில் ஒட்டிய ஈரம்

அணுக்களை இணைத்துச் சக்தி எடுக்க முயலும் டொகமாக் என்ற இயந்திரத்தில் வேலை செய்கிறவர்களிடம் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதினைந்து கோடிப் பாகை வெப்பம் என்று சொல்லமாட்டார்கள். வெற்றிடப் பிரிவைச் சேர்ந்தவர் என்றால், தண்ணீர் என்பார். நானும் அதையே சொல்வேன்.

இங்கிலாந்தில், ஒக்ஸ்போட்டுக்குத் தெற்கே, கல்ஹம் என்ற ஊரில் இருக்கும் ஜெட் டொகமாக் 1983 ஜூன் 25இல் தன் முதல் பிளாஸ்மாவை, அதாவது மின்னேறிய சூடான வாயுவை, கண்டது. வளைய வடிவமான அதன் கலம் ஏறக்குறைய இருநூறு கனமீற்றர் கொள்ளும். அதற்குள் காந்தப் புலம் தாங்கி நிற்கும் பிளாஸ்மாவின் மொத்த எடையோ சில பத்து மில்லிகிராம்தான். உட்சுவர் முழுவதும் ஒரேயொரு மூலக்கூற்றுத் தடிப்பில் ஈரம் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஈரத்தில் உள்ள ஒட்சிசன் அணுக்களின் தொகை, பிளாஸ்மாவின் எரிபொருள் அணுக்களோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வந்துவிடும். ஒட்சிசன் பிளாஸ்மாவின் விளிம்பில் நுழைந்தால் வெப்பத்தை ஒளியாக வெளியே கொட்டும். விளிம்பு குளிரும். மின்னோட்டம் நடுவை நோக்கி ஒடுங்கும். பிறகு சில மில்லிசெக்கன்களில் எல்லாம் குலைந்துவிடும். அந்தக் குலைவின் விசையில் கலமே அதிரும்.

ஈரம் எனக்குப் புதிதில்லை. நான் பிறந்தது கல்லடியில். ஒரு பக்கம் மட்டக்களப்பு வாவி, மறுபக்கம் கடல், இடையில் நாங்கள். ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதையும் மாரியில் கொப்பித் தாள்கள் நமுத்துப்போவதையும் யாரும் ஒரு விஷயமாகப் பேசியதில்லை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத இரவுகள் நிறைய. குப்பி விளக்கில்தான் படித்தேன். சூரியனில் ஐதரசன் ஈலியமாகிறது என்று விஞ்ஞானப் புத்தகத்தில் வாசித்ததும் அந்த வெளிச்சத்தில்தான்.

எங்கள் ஊரில் விபுலாநந்த அடிகளைத் துறவியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் கொண்டாடுவார்கள். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவர் 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர், யாழின் சுருதிகளைக் கணிதமாகப் போட்டுப் பார்த்தவர் என்பதை ஓர் ஆசிரியர் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். பௌதிகம் வேறு யாரோ செய்யும் காரியம் என்ற நினைப்பு எனக்கு வராமல் போனதற்கு அந்த ஆசிரியர்தான் காரணம்.

இனி ஒன்றைத் திறந்து சொல்லவேண்டும். நான் வெற்றிடத்துக்காக இந்தத் துறைக்கு வரவில்லை. சூரியனுக்காக வந்தேன். பிளாஸ்மாவின் நடுவே என்ன நடக்கிறது என்று கணக்கிடுபவர்களோடு உட்கார வேண்டும் என்பதுதான் ஆசை. எனக்குக் கிடைத்த இடம், பம்புகளும் வால்வுகளும் எஞ்சிய வாயுவை அளக்கும் திணிவு நிறமாலைமானியும் உள்ள மேசை. முதலில் அங்கே மனம் ஒட்டவில்லை. கட்டுப்பாட்டு அறையில் மற்றவர்கள் வெப்பநிலையைப் பற்றிப் பேசும்போது எனக்குள் ஓர் ஏக்கம் எழும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மேசையின் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இணைவுச் சக்தியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. ஜெட் இயங்கிய காலத்தில், பராமரிப்புக்காகக் கலத்துக்குள் காற்று விட்டால், மறுபடி மூடியதும் பம்புகள் நாட்கணக்கில் ஓடும். கலம் முழுவதையும் சூடாக்குவோம். காபன் ஓடுகள் பதித்திருந்த காலத்தில் 320 பாகை செல்சியஸ் வரை, 2011இல் பெரிலியமும் டங்ஸ்டனும் பதித்த பிறகு 200 பாகை. சூட்டில் சுவர் தனக்குள் பிடித்துவைத்த ஈரத்தை மெல்ல மெல்ல விடும். அடுத்து, கலத்துக்குள் கொஞ்சம் டியூட்டீரியம் விட்டு, மெல்லிய மின்னிறக்கத்தை மணிக்கணக்காக ஒளிரவிடுவோம். அதன் அயன்கள் சுவரில் மோதி, ஒட்டியிருப்பதைப் பெயர்க்கும். கலத்தின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்வரை இது நடக்கும்.

இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது நிறமாலைமானி வரையும் ஒரு வரைபை. அதில் திணிவு எண் 28உம் 32உம் சேர்ந்து எழுந்தால் நைதரசனும் ஒட்சிசனும், அதாவது எங்கோ காற்றுக் கசிகிறது. பிறகு ஈலியத்தை வெளியே பீய்ச்சி, அது எந்தப் பொருத்துவாயில் உள்ளே போகிறது என்று தேடவேண்டும். 18 எழுந்தால் தண்ணீர். டியூட்டீரியம் கலந்தபின் அதே தண்ணீர் 19இலும் 20இலும் முகம் காட்டும். வயதான தொழில்நுட்பவியலாளர் ஒருவர் அந்த 18ஐப் பார்த்தே, கலம் நாளைக்குத் தயாரா, இன்னும் இரண்டு நாள் வேண்டுமா என்று சொல்லிவிடுவார். பல தடவை அவர் சொன்னது சரியாக இருந்தது. அவருடைய பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பின் கீழும் வந்ததில்லை. ஆனால் அந்த ஆய்வுகளின் பிளாஸ்மாக்கள் நிலைத்து நின்றதற்கு அவர் கொடுத்த சுவர் ஒரு காரணம். அவர் அருகில் இருந்துதான் என் ஏக்கம் கரைந்தது. சூரியனின் நடுவை ஆராய்வதும் சுவரின் ஈரத்தை விரட்டுவதும் இரண்டு வேலைகள் இல்லை என்று எனக்குள் உறுதியானது. விளிம்பில் நடப்பதுதான் நடுவில் எவ்வளவு வெப்பம் ஏறலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இதைச் சமன்பாட்டிலும் காட்டலாம். நான் வரைபில் பார்த்தேன்.

பல்ஸ் என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம் வரும்போது கட்டுப்பாட்டு அறை அடங்கிப்போகும். ஒவ்வொன்றும் 775 தொன் எடையுள்ள இரண்டு சுழல்சில்லுகள் வேகம் பிடிக்கும். வெளி மின்வலையால் ஒரேயடியாகத் தரமுடியாத மின்சாரத்தை அவை காந்தச் சுருள்களுக்குக் கொடுக்கும். எங்கள் கடிகாரம் நாற்பதாவது செக்கனைத் தொடும்போது பிளாஸ்மா பிறக்கும். திரையில் கலத்தின் விளிம்புகள் இளஞ்சிவப்பாக ஒளிரும். நடுப்பகுதியோ இருட்டாகத் தெரியும். அங்கே வெப்பம் மிகக் கூட, கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது விடுவதில்லை. சுருள்கள் செப்பினால் ஆனவை, சூடேறிவிடும். ஆகவே சில பத்துச் செக்கன்களில் நிறுத்தவேண்டும். பிறகு அரைமணி நேரம் போல, குளிரவைத்து, பதிவுகளைப் படித்து, அடுத்ததைத் தீர்மானிப்போம்.

உள்ளே எந்தக் கருவியையும் நீட்ட முடியாது. சுவரோரத்துச் சுருள்களில் தூண்டப்படும் மின்னழுத்தம், பக்கவாட்டில் அனுப்பும் லேசர் ஒளியின் சிதறல், தப்பிவரும் நியூத்திரன்கள், இவற்றைக் கொண்டுதான் உள்ளே நடப்பதை அறிகிறோம். பறுவ நிலவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்பார்கள். பாடும் உயிரைக் காணமாட்டார்கள், பாட்டைக் கேட்பார்கள். சுருள்களின் அதிர்வை முதன்முதல் ஒலிபெருக்கியில் கேட்டபோது எனக்கு அந்தத் தோணிதான் நினைவுக்கு வந்தது. குலைவுக்கு முன்னால் அந்த அதிர்வு வளரும், பிறகு சட்டென்று ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ளும். அதைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்து பிளாஸ்மாவை மெதுவாக இறக்குவது இன்றுவரை பெரிய ஆராய்ச்சி.

கேட்டதை நம்பலாமா என்ற கேள்வியும் உண்டு. 1968இல் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் சோவியத் விஞ்ஞானி ஆர்ட்சிமோவிச், தங்கள் டி-3 டொகமாக் ஒரு கோடிப் பாகையை எட்டியது என்றார். மேற்கில் பலர் நம்பவில்லை. அடுத்த ஆண்டு, பனிப்போரின் நடுவில், கல்ஹமிலிருந்து ஒரு குழு லேசர் கருவிகளோடு மொஸ்கோவுக்குப் போனது. சோவியத் விஞ்ஞானிகள் தங்கள் இயந்திரத்தைத் திறந்து காட்டினார்கள். வந்தவர்கள் அளந்தார்கள், சொன்னது சரி என்று அறிவித்தார்கள். உலகம் முழுவதும் டொகமாக் பரவியது அதன் பிறகுதான். இந்தியா காந்திநகருக்கு அருகே பட் கிராமத்தில் ஆதித்யாவை 1989இல் இயக்கியதும் அந்த வழியில் வந்ததுதான். யாரும் யாரையும் நம்பாத ஒரு நிலத்தில் வளர்ந்தவள் நான். எதிர் அணியில் இருந்தவனை வீட்டுக்குள் அழைத்து, நீயே அளந்து பார் என்று சொன்ன அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

2023 ஒக்ரோபரில், ஐந்து செக்கன் அளவில், வெறும் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து ஜெட் 69 மெகாயூல் இணைவுச் சக்தியைத் தந்தது. எந்த டொகமாக்கும் அதற்குமுன் ஒரே பல்ஸில் அவ்வளவு தந்ததில்லை. முடிவு வெளியானதும் அம்மாவுக்குக் கோல் எடுத்து, கரண்ட் பில் கணக்கில் சொன்னேன்.

"பத்தொன்பது யூனிட் அம்மா."

"நம்மட வீட்டுக்கு ஒரு கிழமைக்குக் காணுமே புள்ள! மறுகா என்ன, எப்ப இஞ்ச வரும்?"

உள்ளே செலுத்தியது அதைவிடக் கூட என்று சொன்னேன். எரிபொருளில் ஒரு பாதி, டியூட்டீரியம், நம்மட கடலில் ஒரு கனமீற்றர் தண்ணீரில் முப்பத்துச் சொச்சம் கிராம் இருக்கிறது என்றும் சொன்னேன். அடுத்த பெரிய இயந்திரமான ஐட்டர் பிரான்சில் எழுகிறது. அதைச் சூழ்ந்து நிற்கும், 3,850 தொன் எடையுள்ள கிரையோஸ்டாட்டின் பாகங்கள் குஜராத்தின் ஹசிராவில் செய்யப்பட்டவை. 2024இல் அறிவித்த அட்டவணைப்படி அது 2034இல் ஆய்வைத் தொடங்கும், டியூட்டீரியமும் எரிபொருளின் மறுபாதியான டிரிட்டியமும் சேர்ந்து எரிவது 2039இல். அப்போதும் அதிலிருந்து மின்சாரம் எடுக்கப்போவதில்லை. கல்லடி வீட்டுக்கு ஒரு பல்ப் எரியும் அளவுக்காவது இந்த வேலை அம்மாவின் காலத்தில் வந்து சேராது. நான் ஓய்வு பெறுவதற்குள்ளும் வராது. சூரியனுக்காக வந்தவளுக்கு இதை அம்மாவிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் முழுவதையும் சொன்னேன்.

"அப்ப ஆருக்காகச் செய்யிறியள்?" என்று கேட்டா.

"வாற புள்ளையளுக்கு" என்றேன்.

"அப்ப ஒழுங்காச் செய்யுங்க" என்றா.

2023 டிசம்பர் 18இல் ஜெட்டின் கடைசி பல்ஸ் நடந்தது. எண் 105,842. அன்று பிளாஸ்மாவின் வடிவத்தைத் தலைகீழாக்கி, விரைந்தோடும் இலத்திரன்களை வேண்டுமென்றே உட்சுவரில் மோதவிட்டார்கள், அவை எவ்வளவு சேதம் செய்யும் என்று அறிய. இனிக் கலைக்கும் வேலை. அது 2040 வரை போகலாம். மனிதர் நுழைய முடியாத கலத்துக்குள் ரொபோக் கைகள் போய்ச் சில ஓடுகளைக் கழற்றி எடுத்திருக்கின்றன. சுவர் எவ்வளவு டிரிட்டியத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டது, எந்தச் சூட்டில் அதை விடுகிறது, ஈரம் பட்டால் அது எப்படி நீரோடு சேர்ந்து நகர்கிறது என்பவற்றை அந்த ஓடுகளில் அளக்கவேண்டும். ஐட்டரின் சுவரைச் சுத்தம் செய்யப்போகிறவர்களுக்கு அந்த அளவுகள் வேண்டும்.