சொல்லி அனுப்புகிறோம்!

தியாகராய நகர் ஜவுளிக் கடையில் நாற்பது புடவைகளைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "ஒன்றும் மனசுக்குப் பிடிக்கலை" என்று எழுந்து வந்துவிடலாம். அதில் ஒரு பாவமும் இல்லை. பிரிப்பதற்கும் மடிப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கடைச் சிப்பந்திக்கு முதலாளி மாதச் சம்பளம் கொடுக்கிறார். நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது அவர் கைக்கு வந்துவிடும்.

வீட்டைப் பழுது பார்க்க எஸ்டிமேட் கேட்டு நாம் அழைக்கிறோமே, அந்த மேஸ்திரியின் கதை வேறு. அவருக்கு முதல் தேதி என்று ஒன்று கிடையாது. நம் மாடிப்படி ஏறி, டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்து, மொட்டை மாடி வெடிப்பைக் குனிந்து பார்த்து, வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டு எழுதிக் கொடுப்பதற்குள் அரை நாள் கூலி ஆவியாகிவிடுகிறது. வேலை கிடைத்தால் அந்த அரை நாளும் அதில் அடங்கிவிடும். கிடைக்காவிட்டால் அது அவர் நம் வீட்டுக்கு எழுதி வைத்த நன்கொடை!

இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் போட்டுக்கொண்டால் போதும். விலை கேட்பதில் உள்ள மரியாதைகள் அத்தனையும் தாமாகவே விளங்கிவிடும். ஆனால் நம்மில் அநேகம் பேர் புடவைக் கடைப் பழக்கத்தை அப்படியே வாசல் வரை கொண்டுவந்து விடுகிறோம். தொல்லை எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

முதல் மரியாதை, ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. ஒன்றுவிட்ட நாத்தனார் வீட்டுக் கொலுவுக்குப் போகிறோம். அங்கே புதுச் சமையலறை பளபளக்கிறது. சுண்டல் பொட்டலத்தோடு ஓர் ஆசையையும் மடித்துக்கொண்டு திரும்புகிறோம். மறுநாள் காலை தச்சர் வந்து நம் சமையலறையை அளந்துகொண்டு நிற்கிறார். கையில் பணம் இல்லை. வீட்டுக்காரருக்கு விஷயமே தெரியாது. 'சும்மா, எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்ளலாமே!' தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அதற்கு டெலிபோன் இருக்கிறது. "இந்த வருஷம் செய்வதாக இல்லை. பத்தடிக்கு எட்டடிச் சமையலறைக்குத் தோராயமாக என்ன ஆகும்?" என்று ஒளிக்காமல் கேட்டால், எந்தத் தச்சரும் இரண்டு நிமிஷத்தில் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். தோராயமாகச் சொன்ன அந்தத் தொகையில் அவரைப் பிற்பாடு கட்டிப்போடாமல் இருப்பது நம் கடமை.

இரண்டாவது, நேரம். ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்க்கிற நாம், மேஸ்திரியின் காலத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். காலையில் அவர் ஆட்களைப் பிரித்து இடத்துக்கு இடம் அனுப்பிக்கொண்டிருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலி பட்டுவாடா. அப்போது டெலிபோன் செய்தால் நம் பேச்சு அவர் காதில் ஏறாது. வேலை முடிந்த மாலைப் பொழுதோ, ஞாயிற்றுக்கிழமை காலையோ சௌகரியம். சுவரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தே ஆக வேண்டுமென்றால், எந்த நேரம் தோது என்று அவரையே கேட்டுவிடலாம்.

நேரத்தைப் போலவே பருவமும் உண்டு. போகிக்கு நாலு நாள் இருக்கும்போது பெயிண்டரைத் தேடுவது, முகூர்த்தத்துக்கு முதல் நாள் சமையற்காரரைத் தேடுவது போலத்தான். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வெளிச் சுவருக்குச் சாயம் அடித்தால் காயாது. ஆனால் கூரை எங்கே ஒழுகுகிறது என்று கையோடு காட்டுவதற்கு அதைவிட நல்ல காலமும் கிடையாது. ஒழுக்கைக் காட்ட மழைக்காலம், அடைக்க வெயில் காலம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

மூன்றாவது, நமக்கு வேண்டியது என்ன என்பதை நாமே தெரிந்து வைத்திருப்பது. ஒருவரிடம் "ஹால் மட்டும்" என்றும், அடுத்தவரிடம் "ஹாலும் ரேழியும்" என்றும், மூன்றாமவரிடம் "வீடு பூராவும்" என்றும் சொல்லிவிட்டு, மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அவர் கொள்ளை அடிக்கிறார்" என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா? ஒரு காகிதத்தில் வேலையை எழுதுங்கள். மூன்று பேருக்கும் அதே காகிதத்தைக் காட்டுங்கள்.

அளவைக் கணக்கிலும் ஒரு வார்த்தை தெளிவாகக் கேட்டுக்கொள்வது உத்தமம். கட்டட வேலைக்காரர்கள் 'ஒரு சதுரம்' என்றால் 100 சதுர அடி. நாம் ஒரு சதுர அடி என்று நினைத்துக்கொண்டு மயங்கி விழ வேண்டாம். அதே மாதிரி, நம் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஆகவே 120 சதுர அடி என்று நாம் கணக்குப் போட்டு வைத்திருப்போம். பெயிண்டர் தரைக்கா சாயம் அடிக்கிறார்? சுவரின் உயரம் பத்தடி என்றால் நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி, மேலே கூரை 120, ஆக 560. இதில் கதவையும் ஜன்னலையும் கழிப்பதா, வேண்டாமா என்பதை முதலிலேயே பேசிவிட்டால், கடைசி நாளில் டேப்பும் கையுமாக இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கூலி மட்டுமா, சாமான்களும் சேர்த்தா? சாரம் கட்டும் செலவு யாருடையது? 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. இந்தத் தொகையில் அடக்கமா, வெளியிலா? சமையலறை அலமாரிக்கு எந்தப் பலகை? ஒட்டுப் பலகையில் தண்ணீரைத் தாங்கும் ரகத்துக்கும் தாங்காத ரகத்துக்கும் விலையில் நிரம்ப வித்தியாசம். மரைன் பிளை என்று சொன்னால் அதன்மேல் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்க வேண்டும். இடித்த கல்லும் மண்ணும் எங்கே போகும்? தெருவோரம் கொட்டி வழியை அடைக்கக் கூடாது என்று 2016-இலேயே விதி வகுத்தாயிற்று. மூன்றாவது மாடியிலிருந்து மூட்டை மூட்டையாக அதை இறக்கக் கூலி உண்டு. இவ்வளவையும் கேட்பது சந்தேகப்படுவது ஆகாதா என்று சிலர் கூசுகிறார்கள். நல்ல வேலைக்காரர் இப்படிக் கேட்பவர்களைக் கண்டால் சந்தோஷப்படுகிறார். தாம் எழுதிய தொகை எதற்கு என்று புரிந்துகொள்ள ஒருவர் அகப்பட்டாரே என்ற சந்தோஷம்தான்!

இதற்கு நேர்மாறாக, தொகையே சொல்லாத மனுஷர் ஒருவர் உண்டு. "எவ்வளவு மேஸ்திரி?" என்றால், "நம்ம வீடும்மா! நீங்க பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பார். கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! இந்த இதத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். வேலை முடிந்த பிறகு நாம் பார்த்துப் போட்டது அவருக்குப் போதாது. அவர் மனசில் இருந்தது நமக்குக் கட்டாது. "உங்கள் உழைப்புக்கு நான் விலை சொல்லக் கூடாது. நீங்களே சொல்லுங்கள்" என்று மரியாதையாகவே பிடிவாதம் பிடிக்க வேண்டும்.

நான்காவது மரியாதை, ரகசியம். மூன்று பேரிடம் விலை கேட்பது தப்பில்லை. "இன்னும் இரண்டு பேரைக் கேட்கிறோம்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒருவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை வாட்ஸப்பில் அடுத்தவருக்கு அனுப்பி, "இதைவிடக் குறைத்துச் செய்வீர்களா?" என்று கேட்பது, பரீட்சையில் ஒரு பிள்ளையின் விடைத்தாளை அடுத்த பிள்ளைக்குக் காட்டுகிற காரியம்.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிக்கொண்டே இருந்தது. பூசினார்கள், சாயம் அடித்தார்கள், மறுபடியும் ஏறிற்று. கடைசியில் வயதான பிளம்பர் ஒருவர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். மாடி வீட்டுக்குப் போனார். அங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் தேக்கிவைத்துக் காத்திருந்தார். இரண்டரை மணி நேரம் கழித்து, "மேல் வீட்டுத் தண்ணீர் போகிற வாயின் பக்கத்தில் கசிகிறது, சுவர்மேல் குற்றமில்லை" என்றார். தொகையும் சொன்னார். அந்த வீட்டார் தலையை ஆட்டி அனுப்பிவிட்டு, அவர் காட்டிய அதே இடத்தைச் சரிசெய்ய, 800 ரூபாய் குறைவாகக் கேட்ட வேறோர் ஆளை அமர்த்திக்கொண்டார்கள். அடைப்பதற்கு ஒரு மணி நேரம். கண்டுபிடிப்பதற்கு முப்பது வருஷ அனுபவம். அந்த முப்பது வருஷத்துக்கு ஒரு தம்படி கொடுக்கவில்லை. டாக்டரிடம் போய் மருந்துச் சீட்டு வாங்கினால் ஃபீஸ் கொடுக்காமல் வருவோமா? வியாதியைக் கண்டுபிடிக்க ஆளைக் கூப்பிட்டால், "வந்து பார்ப்பதற்கு என்ன கொடுக்க வேண்டும்?" என்று முதலிலேயே கேட்டுக் கொடுத்துவிடுவதுதான் முறை. பிறகு வேலையை யாரிடம் கொடுத்தாலும் மனசு உறுத்தாது.

அடுத்தது பேரம். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினால் கத்தரிக்காய் சிறுத்துப் போவதில்லை. சுவருக்குப் பேரம் பேசினால் சுவர் சிறுத்துப் போகும்! பழைய சாயத்தைச் சுரண்ட வேண்டும். பட்டி பார்க்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிரைமர் அடிக்க வேண்டும். அதன் பிறகுதான் இரண்டு கோட் சாயம். "பத்தாயிரம் குறைத்துக்கொள்" என்று ஒரே பிடியாக நின்றால், அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கை குறைத்துவிடுவார். பிரைமர் போட்டாரா இல்லையா என்பது மேலே சாயம் ஏறிய பிறகு யாருக்குத் தெரியும்? அடுத்த மழைக்குச் சுவர் செதில் செதிலாக உரியும்போதுதான் தெரியும். ஆகவே, கையில் இருப்பது இவ்வளவுதான் என்றால் அதைச் சொல்லி, "இதற்குள் எந்த வேலையை விடலாம்?" என்று கேளுங்கள். ஓர் அறையை அடுத்த வருஷத்துக்கு ஒத்திப்போடலாம். வேலையைக் குறைப்பது பேரம். ஆளைக் குறைப்பது அவமானம்.

இன்னொன்றும் உண்டு. மேஸ்திரி எழுதிய தொகைக்குள் அவர் மட்டும் இல்லை. கொத்தனார் இருக்கிறார், தலையில் சும்மாடு வைத்து மணல் சுமக்கும் சித்தாள் இருக்கிறாள். நாம் பிடித்துப் பிடித்துக் குறைக்கிற ரூபாய் மேலேயிருந்து உருண்டு உருண்டு கடைசியில் யார் தலையில் விழும் என்று ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் சொல்ல வேண்டியதில்லை.

வருகிறவர் வாசலில் நின்று, "ஐயா இருக்காங்களா?" என்று கேட்பது நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்த அலமாரிக் கதவு தொங்குகிறது என்பதெல்லாம் ஐயாவுக்கா தெரியும்? ஆனால் அந்தக் கேள்விக்குக் காரணம் பல வீடுகளில் அவர் பட்ட அநுபவம். அம்மாவிடம் அரை நாள் பேசி, தொகை முடிவாகி, வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக எல்லாம் தீர்ந்த பிறகு, சாயங்காலம் ஆபீசிலிருந்து வரும் ஐயா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இன்னும் ரெண்டாயிரம் குறைச்சுக்கோப்பா" என்பார். ஒரே வாக்கியத்தில் மேஸ்திரிக்கும் மனைவிக்கும் சேர்த்து மரியாதைக் குறைவு! யார் பேசுவது என்பதை முதல் நாள் இரவே வீட்டுக்குள் முடிவு செய்துவிட வேண்டும். பேசுகிறவர் வாக்கே வீட்டின் வாக்கு.

உபசாரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அளக்க வந்தவருக்கு உட்கார ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீர், வீட்டுக்கு வரும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே டம்ளரில் இருக்கட்டும். அவர் கவனிக்க மாட்டார் என்று நினைக்காதீர்கள். சுவரில் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடிக்கிற கண் அது.

கடைசி மரியாதை மிக எளிது. அதைத்தான் நாம் செய்வதே இல்லை. மூன்று பேரில் ஒருவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டோம். மற்ற இருவருக்கும் என்ன சொன்னோம்? "வீட்டில் கலந்துகொண்டு சொல்லி அனுப்புகிறோம்" என்றோம். அதோடு சரி. அவர் டெலிபோன் செய்தால் எடுப்பதில்லை. அவரோ நமக்காக அடுத்த வாரத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, வந்த வேறு வேலையைத் தட்டிக் கழித்துவிட்டு, ஆட்களிடமும் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

காத்திருப்பது என்றால் என்ன என்று நமக்கா தெரியாது? நம் தலைமுறையில் எத்தனை வீடுகளில் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டு, பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று கிளம்பிப் போனார்கள்! எத்தனை பெண்கள் தபால்காரர் மணியோசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு சமையலறையில் நின்றார்கள்! பிடிக்கவில்லை என்று ஒரு கார்டு போட்டிருந்தால் ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும். அந்தக் கார்டு வராததுதான் அவர்களை மாதக் கணக்கில் வாட்டியது.

"மேஸ்திரி, வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம். வெயிலில் வந்து அளந்து எழுதிக் கொடுத்தீர்கள், ரொம்ப நன்றி." இவ்வளவுதான். இன்றைக்கு அதற்குத் தபால் தலைகூட ஒட்ட வேண்டாம். அந்தக் கார்டை நாமாவது போட்டுவிடுவோம்.