அரட்டிப்பண்டும் ஆர்டர் புத்தகமும்

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம். முன்பெல்லாம் அடுத்தவன் கம்பெனியில் ஆணி பிடுங்கினேன், இப்போது சொந்தக் காசில் ஆணி வாங்கி வைத்துப் பிடுங்குகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம் :-)

தெரியாதவர்களுக்கு முன்கதைச் சுருக்கம். ஸ்ரீ சிட்டியில் ஒரு ஆலைக்குத் தரக்கட்டுப்பாடு பார்க்க வந்தவன் நான். 2019-ல் வேலையை விட்டுவிட்டு, தடாவில் ஒரு ஷெட் பிடித்து, ஆலைகளுக்குக் கையுறை, சேஃப்டி ஷூ, அட்டைப்பெட்டி, ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் எல்லாம் சப்ளை செய்கிறேன். என்னையும் தங்கமணியையும் சேர்த்து ஏழு பேர். இங்கிருந்து சென்னை பக்கம்தான், லோக்கல் ரயிலே தடாவில் நிற்கும். ஆனால் எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எழும்பூர் போய், பொதிகையைப் பிடித்து, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து போக வேண்டும். நான் வந்தபோது தடா நெல்லூர் மாவட்டம். 2022-லிருந்து திருப்பதி மாவட்டம். சத்தியவேடு பக்கம் போனால் டீக்கடையில் தமிழ் கேட்கும், சூலூர்பேட்டை பக்கம் போனால் தெலுங்கு மட்டும்தான். என் தெலுங்கு அப்போது "கொஞ்செம் கொஞ்செம்" ரகம்.

அதனால்தான் அந்தப் பையனை வேலைக்கு எடுத்தேன். சூலூர்பேட்டைக்காரன். தெலுங்கு, தமிழ், உடைந்த இந்தி எல்லாம் பேசுவான். என்னை "சார்" என்பான், தங்கமணியை "அக்கா" என்பான். (இந்த உறவுமுறைக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.) விசிட்டிங் கார்டு அடிக்கும்போது எந்த நம்பர் போடுவது என்று கேட்டான். நீதானே பேசப்போகிறாய், உன் நம்பரையே போடு என்றேன். ஆறு வருஷம் அப்படியே ஓடியது.

2025 ஜூனில் கும்மிடிப்பூண்டியில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்து அவன் போய்விட்டான். சந்தோஷமாகத்தான் அனுப்பினோம். அவன் எங்கள் பொருள் ஒன்றையும் எடுத்துப் போகவில்லை. ஆனால் 42 வாடிக்கையாளர்கள் அவன் சட்டைப்பையில் போய்விட்டார்கள்! யாருக்கு எந்த சைஸ் ஷூ, போன தடவை என்ன ரேட், எந்த ஸ்டோர்காரர் ஐந்து நாள் முன்னால் சொல்வார், எவர் கடைசி நிமிஷத்தில் கத்துவார், எல்லாமே அந்த வாட்ஸப்பில்தான் இருந்தது. எங்களிடம் இருந்தது பில் மட்டும்.

நல்ல பையன். வருகிற செய்தியை எல்லாம் என் சொந்த நம்பருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒரு ஸ்டோர்காரர் 400 ஜோடி கையுறை திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பையன் அடுத்த நிமிஷமே எனக்கு அனுப்பிவிட்டான். நான் பொதிகையில் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் குடும்ப குரூப்பில் 63 செய்தி. ரோஜாப்பூ, பிள்ளையார், சூரிய உதயம், அத்தை மகள் நிச்சயதார்த்தப் புடவை. இதற்கெல்லாம் அடியில் 400 ஜோடி கையுறை கிடந்தது. திங்கள் மதியம்தான் பார்த்தேன். அதற்குள் வேறு ஆள் சப்ளை பண்ணிவிட்டார், அடுத்த மாத ஆர்டரும் அவருக்கே போனது. யாரைக் குறை சொல்ல? முழுத் தப்பும் என்னுடையது.

அந்த வாரமே இன்னொன்று. ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் விலைப்பட்டியலை அவசரத்தில் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். மாமா ஒருவர் மட்டும் பதில் போட்டார்: "ஏலே, இது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?"

தங்கமணி சொல்லிவிட்டாள். "இனிமே கம்பெனி வேற, உங்க குடும்பம் வேற. ரெண்டுக்கும் ஒரே போன் இருந்தா நான் கணக்கு எழுத மாட்டேன்." அவ்வ்வ்வ்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். முதல் ராத்திரியிலேயே தெரிந்துபோனது, நான் தேடுவது ஒரு மென்பொருள் இல்லை, இரண்டு. எங்கள் ஏழு பேருக்குள் பேச ஒன்று. அதை நாங்கள் தேர்ந்தெடுக்கலாம். வாடிக்கையாளரோடு பேச ஒன்று. அதை அவர்தான் தேர்ந்தெடுப்பார்.

ஆபீசுக்குள் பேச முதலில் ஸ்லாக் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இலவசத் திட்டத்தில் 90 நாள் பழைய செய்திதான் தெரியும். எனக்குப் போன தீபாவளி ரேட் வேண்டுமே! பழைய பேச்சு காணாமல் போவதில் எனக்குக் கொஞ்சம் அனுபவமும் உண்டு. நானும் தங்கமணியும் கல்யாணத்துக்கு முன்னால் யாஹூ மெசஞ்சரில் பேசியது மெகாபைட் கணக்கில் இருக்கும். 2018 ஜூலையில் அதை மூடியபோது அத்தனையும் போயிற்று. "நல்லவேளை" என்கிறாள் அவள்.

அப்போதுதான் அரட்டை அலை வந்தது. எங்கள் ஊருக்கு மத்தளம்பாறை பக்கம்தான். ஜோஹோ அங்கே ஆபீஸ் திறந்தபோது அது திருநெல்வேலி மாவட்டம். இஞ்சினியரிங் முடித்த பையன் கம்ப்யூட்டர் வேலைக்கு ரயில் ஏறாமல் ஊரிலேயே இருக்கலாம் என்பதை எங்கள் பக்கத்தில் முதலில் யாரும் நம்பவில்லை. நானும் நம்பாமல்தான் ரயில் ஏறினேன். 2025 செப்டம்பர் கடைசியில், ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த அரட்டையில் மூன்றே நாளில் தினம் மூன்றரை லட்சம் பேர் சேர ஆரம்பித்தார்கள் என்று ஸ்ரீதர் வேம்பு எழுதினார். நான் துள்ளிக் குதித்தேன். நம்ம ஊர்ச் சரக்கு, பெயரே தமிழ்!

மறுநாளே வாடிக்கையாளர்களிடம் கிளம்பிவிட்டேன். முதல் ஸ்டோர்காரரிடம் "அரட்டை போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "ஏன்ட்டி சார், அரட்டிப்பண்டா?" என்றார். தெலுங்கில் அரட்டிப்பண்டு என்றால் வாழைப்பழம். விளக்கிச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "போட்டுக்கலாம் சார். ஆனா இன்னும் பதினஞ்சு சப்ளையர் வாட்ஸப்புல இருக்காங்களே, அவங்களையும் கூட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

அடுத்து ஒரு ஜப்பானிய மேலாளர். மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தன் போனைத் திருப்பிக் காட்டினார். லைன். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே வந்தது, வீட்டோடு பேச அவருக்கு அதுதான். கொரியாக்காரர்களுக்குக் காக்காவ் டாக். சீனர்களின் வீசாட்டுக்கு 2020 ஜூனில் இங்கே தடை. இத்தனை நாட்டுக்காரர்களும் ஸ்ரீ சிட்டியில் எங்களிடம் ஒரு டஜன் கையுறை கேட்க வாட்ஸப்புக்குத்தான் வருகிறார்கள். பாவூர்சத்திரம் சந்தை மாதிரிதான். கத்தரிக்காய் நம்முடையதாக இருக்கலாம், வியாபாரி நிற்கிற இடத்துக்குத்தான் மூட்டையைக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்த அக்டோபரில் அரட்டையில் அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கம், எழுதும் செய்திகளுக்கு வந்திருக்கவில்லை. வாடிக்கையாளரின் விலைப்பட்டியலை அதில் போட எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே வாடிக்கையாளருக்கு வாட்ஸப் பிசினஸ்தான். 2018-லிருந்து இருக்கிறது, செயலி இலவசம், நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை. புது சிம் ஒன்று என் பெயரிலேயே வாங்கி, ஒரு பழைய போனில் போட்டு மேசை மேல் வைத்தோம். அது ஷெட்டை விட்டு வெளியே போகாது. அதோடு இன்னும் நாலு கருவிகளை இணைக்கலாம் என்பதால் கணக்கு மேசையிலும் குடோனிலும் ஒரே செய்தி தெரிகிறது. "ரேட் கேட்டவர்", "பணம் வரணும்" என்று லேபிள் ஒட்டலாம். பெரிய கம்பெனிகள் வைத்திருக்கிற ஏபிஐ ரகத்தையும் விசாரித்தேன். நாமாக அனுப்பும் செய்தியின் வாசகத்துக்கு முன்கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், 2025 ஜூலையிலிருந்து செய்திக்குச் செய்தி கட்டணம். 42 பேருக்கு எதற்கு?

எனக்கு ரொம்பப் பிடித்தது தானியங்கிப் பதில். இங்கே பல ஆலைகளில் வாசலிலேயே போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், சில இடங்களில் போனையே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ஷிப்ட் முடிகிற மதியம் இரண்டு மணிக்கும் ராத்திரி பத்து மணிக்கும்தான் செய்திகள் கும்பலாக வந்து விழும். ராத்திரி வருவதற்கு, "உங்கள் செய்தி கிடைத்தது, காலை 8 மணிக்குக் கூப்பிடுகிறோம்" என்று தெலுங்கில் ஒரு பதில் போகிறது. தங்கமணி எழுதியது.

ஆபீசுக்குள்ளே ஜோஹோ கிளிக். மெயிலும் அவர்களுடையதே, ஐந்து பேர் வரை இலவசம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கிளிக்கில் தனி சேனல். வாட்ஸப்பில் வந்த ஆர்டரை அங்கே எழுதி, ஆர்டர் புத்தகத்திலும் ஏற்றிய பிறகுதான் வண்டி கிளம்பும். இரட்டை வேலை என்று குடோன்காரர் முணுமுணுத்தார். 2021 அக்டோபர் 4-ம் தேதி வாட்ஸப் ஆறு மணி நேரம் படுத்ததை ஞாபகப்படுத்தினேன். மறு வருஷ அக்டோபரில் கொரியாவில் ஒரு டேட்டா சென்டர் தீப்பிடித்து, காக்காவ் டாக் நாள் கணக்கில் தடுமாறிய கதையையும் சொன்னேன். அதற்கப்புறம் பேசவில்லை. ஒத்துக்கொண்டாரா, கதை போதும் என்று நினைத்தாரா, தெரியாது.

எல்லாம் சரி, 42 பேரும் புது நம்பருக்கு வர வேண்டுமே! நான் அனுப்பிய அறிவிப்பைப் படித்தவர் ஒன்பது பேர். தயக்கத்தோடு பையனுக்குப் போன் போட்டேன். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொருவராகத் தன் வாயாலேயே சொன்னான். "இனி நான் அங்கே இல்லை, இந்த நம்பரில் கேளுங்கள்" என்று ஒரு மாதம் ஸ்டேட்டஸும் வைத்திருந்தான். அவன் இப்போது இருப்பதும் சப்ளை கம்பெனிதான். அந்த 42 பேரையும் அங்கே இழுத்திருந்தால் கேட்க எனக்கு வாயில்லை. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த அல்வாவை மட்டும் வாங்கிக்கொண்டான்.

அரட்டையை விட்டுவிட்டேனா? இல்லை. குடும்ப குரூப்பை அங்கே மாற்றிவிட்டேன். மாமாதான் முதலில் சேர்ந்தார். ரோஜாப்பூவும் பிள்ளையாரும் இப்போது அங்கே வருகின்றன, அவற்றில் ரகசியம் ஒன்றும் இல்லை.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு மேசைப் போன் சத்தம் போட்டது. பையன் நம்பர். நான் எடுப்பதற்குள் தானியங்கிப் பதில் போய்விட்டது, காலை 8 மணிக்குக் கூப்பிடுகிறோம் என்று. ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. கீழே தெலுங்கில் எழுதியிருந்தான்.

"அன்னா, போஜனம் அய்யிந்தான்னுதான் கேட்டேன். அதுக்குக் காலையில எட்டு மணி வரைக்குமா?"

அன்னாவாம். சார் போய்விட்டது. தெலுங்கிலேயே பதில் எழுதினேன். நிறையத் தப்பு இருந்திருக்கும்.