போகணும் என்றால் என்ன?

'ஒரு தடவை காசிக்குப் போகணும்' என்று பாட்டி சொன்னால் அது ஆசை. 'நாளைக்குத் தாலுகா ஆபீசுக்குப் போகணும்' என்று அப்பா சொன்னால் அது தலைவிதி. தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மலையாளமும் சளைத்ததல்ல, அதுவும் 'போகணம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் நாம் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சில் இந்தச் சலுகை கிடையாது. திருவனந்தபுரம் வழுதக்காட்டில் அலியான்ஸ் பிரான்சேஸின் மாலை வகுப்பு. பாடம், எதிர்காலத் திட்டங்களும் விருப்பங்களும். எனக்குப் பக்கத்தில் டியூட்டி முடித்து வந்த ஒரு நர்ஸ். "எனிக்கு கனடயில் போகணம் மிஸ், அது எங்ஙனெ பறயும்?" என்று கேட்டார். ஆசிரியை திருப்பிக் கேட்டார்: "ழ வூத்ரேயா, ழ துவாவா?" போக விரும்புகிறீர்களா, போயாக வேண்டுமா என்று அர்த்தம். அந்தப் பெண் பேனாவை மூடினார், திறந்தார். பிறகு இரண்டு வாக்கியம் எழுதினார். முதலாவதில் அவர் கனடாவுக்குப் போயாக வேண்டியிருந்தது. இரண்டாவதில் கொல்லத்தில் ஒரு வீடு கட்ட விரும்பினார்.

ஆசையிலேயே பிரெஞ்சுக்காரர்களுக்குப் படிகள் உண்டு. டிக்கெட் போட்டாயிற்று என்றால் 'ழ வே பார்த்தீர்', கிளம்பப் போகிறேன். என்றைக்கோ ஒருநாள் என்றால் 'ழ பார்த்திரே'. எனக்குப் பிடித்த விநோதம் இன்னொன்று. 'நீ வருவாய் என நம்புகிறேன்' என்று 'ழெஸ்பேர்' போட்டுச் சொன்னால், பின்னால் வரும் வினை நடக்கப்போவதைச் சொல்லும் சாதாரண எதிர்காலம். 'நீ வர வேண்டும் என விரும்புகிறேன்' என்று 'ழ ஸுவேத்' போட்டாலோ, அதே வினை சப்ஜோங்க்திஃப் என்ற தனி வடிவத்துக்கு மாறியாக வேண்டும். நம்பிக்கையை நடக்கப்போகிற கணக்கிலும், விருப்பத்தை மனக்கணக்கிலும் எழுதுகிறார்கள். இலக்கண நூல்கள் இதற்குச் சொல்லும் காரணம் எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை. மனப்பாடம் செய்வதுதான் வழி.

திருவனந்தபுரத்துக்கு பிரெஞ்சு உறவு புதிதல்ல. 1963 நவம்பர் 21 அன்று இங்குள்ள தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவுடையது. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸிலிருந்து வந்தது. பிரான்ஸுடன் 1974இல் போட்ட ஒப்பந்தம் இன்னும் சுவாரசியம். ரொக்கத்துக்குப் பதிலாக நம் பொறியாளர்களின் உழைப்பைக் கொடுத்து, வைகிங் என்ஜின் நுட்பத்தைப் பெற்றுக்கொண்டோம். நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் ஒரு குழு ஸேன் நதிக்கரை வெர்னோனுக்குப் போய் வேலை பார்த்தது. அங்கே கற்றதைக் கொண்டு இங்கே செய்த என்ஜின்தான் விகாஸ். 2023இல் சந்திரயான்-3ஐச் சுமந்த ராக்கெட்டில் அப்படி இரண்டு இருந்தன. அந்தக் குழுவினர் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிப் போனார்கள், வரவும் செய்தார்கள்.

இப்போது வகுப்புக்கு வருகிறவர்களில் பலருக்கு 'வர்றேன்' என்கிற பாதி இல்லை. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். போகிறவர்களுக்குத்தான் தெரியும் வீட்டுக் கணக்கு. 2023 முதல் கனடா தன் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்ற முறையில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்று வைத்திருக்கிறது. கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என நான்கிலும் ஏழாம் நிலை வேண்டும்.

அதற்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'விசா கிடைத்தால்' என்று 'ஸி' போட்டுத் தொடங்கினால் அந்தப் பாதியில் நிகழ்காலம்தான், எதிர்காலம் வரவே கூடாது. 'விசா கிடைத்ததும்' என்று 'காந்' போட்டால் எதிர்காலம் வந்தே தீர வேண்டும். தமிழில் இரண்டுமே 'கிடைத்த' என்று இறந்தகால உருவத்தில் இருப்பதால், பேச்சுத் தேர்வில் நம் நாக்கு சறுக்குகிற இடம் அதுதான்.